நான்கு நிமிடம்

நூற்றியெண்பது கிலோமீட்டரில்
நான்கு நிமிடம் தொலைத்தேன், போன மே மாதம்.
ஓட்டம் தொடங்கும் வாசலை
அடைத்துவிட்டார்கள்.
என் கணுக்காலிலிருந்து சில்லைக் கழற்றியவன்
எதிர்வீட்டு ஃபெர்மின்.
முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காலை என் கதவடியில்
ஒரு பை உருளைக்கிழங்கு இருந்தது,
மண்ணோடு.

இப்போது சனவரி.
இரவெல்லாம் ஆலையில்
கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறேன்.
லான்சரோட்டே முழுக்க எங்கள் தண்ணீரைத்தான் குடிக்கிறது.
எழுபதைத் தொட்டு நடுங்கும் அழுத்தமானி.
அழுத்தாமல் எதையும் தராது கடல்.
ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
சீருடையை உரிக்கிறேன்;
உள்ளே சைக்கிள் உடை
ஏற்கெனவே வியர்த்திருக்கிறது.

வாசலில் காற்று,
எனக்கு முன்னால் எழுந்து
எனக்காகவே நின்றதுபோல.

இந்தத் தீவில் மலையைவிடக் காற்றுதான் பெரிய ஏற்றம்.
மலைக்கு உச்சி என்று ஒன்று உண்டு,
அங்கே போய் அதைத் திட்டிவிட்டு இறங்கலாம்.
காற்றை எங்கே போய்த் திட்டுவது?
செனோபியா மாடியில் காயும் போர்வை
கிடையாக நின்றால்
பெரிய பற்சக்கரத்தைத் தொடாதே.
இது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வானிலை.

லா ஹெரியாவில்
கருஞ்சாம்பலில் குழி தோண்டி
குழிக்கொரு திராட்சைக்கொடி வைத்திருக்கிறார்கள்.
அரைவட்டக் கல்லடுக்கின் பின்னால்
கொடி தரையோடு கிடக்கிறது.
நிமிர ஆசையில்லாமல் இல்லை.
முழங்கைகளைக் கைப்பிடியில் பதித்து
நானும் படுக்கிறேன்.
இடுப்பு கேட்கிறது, இன்னும் எவ்வளவு நேரம்?
நாற்பத்தாறு வயது இடுப்பு. கேட்கத்தான் செய்யும்.

இருபது நிமிடத்துக்கு ஓர் உருண்டை:
கோஃபியோ மாவு, தேன், கனிந்த வாழைப்பழம்.
எதிர்காற்றில் கடித்தால்
பாதி மூக்குக்குள் போகிறது.
அதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன்,
நான்கு நிமிடம் எங்கே போயிற்று என்று.
திமன்ஃபயாவில் தவறிய குப்பி,
திரும்பிப் போய் எடுத்தது: ஐம்பது நொடி.
சுவரின் மறைவில் ஒதுங்கியது: ஒரு நிமிடம், கொஞ்சம் கூட.
ஹரியா இறக்கத்தில்
வளைவுக்கு வளைவு பிரேக்கை நெரித்த பயம்:
குறைத்துச் சொன்னாலும் ஒன்றரை.
பிறகு, ஆற்றுமுனையின் உச்சியில்
காலை ஊன்றி நின்றது.
நாற்பது நொடி.

ஆலையில் என்னோடு வேலை செய்யும் அரிதானே
மூன்று முறை முடித்தவன்.
சிவப்புப் பேனாவால் கடைசி வரியைச் சுழித்தான்:
"இது எதுக்கு? குப்பியா விழுந்தது? சங்கிலியா கழன்றது?"
இரண்டுமில்லை.
கீழே செங்குத்தாக மலை அறுந்து விழுகிறது.
ஒடுங்கிய நீரிணை. அந்தப் பக்கம் கிராசியோசா,
மணல் நிறத்தில்,
யாரும் எதற்கும் ஓடாத ஊர்.
ஒரு படகு போய்க்கொண்டிருந்தது.
அது கரை தொடுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

அதை வெட்டமாட்டேன் என்றேன்.
வேறெங்காவது தேடு.

ஆகவே ஹரியா.
நேற்று மட்டும் எட்டு முறை இறங்கினேன்.
ஐந்தாவது வளைவில் சுவர் முடிகிறது;
அங்கே காற்று பக்கவாட்டில் வந்து
தோளைப் பிடித்துத் தள்ளும்.
தள்ளும் என்று தெரிந்தும்
ஏழு முறை விரல்கள் இறுகின.
எட்டாவது முறை
இறுக மறந்துவிட்டன.
கொள்ளிவாய்ப் பிசாசைப்போல் கத்திக்கொண்டே
பனைமரங்களுக்கு நடுவே போய் விழுந்தேன்,
சைக்கிளோடு, நிமிர்ந்தபடி.

வீட்டு மதிலருகே சங்கிலியைத் துடைக்கும்போது
ஃபெர்மின் கேட்டான்: "எவ்வளவு?"
"இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி."
தலையாட்டினான்.
இந்த வருடமும் அதே வாசலில்தான் நிற்கிறானாம்,
பெயர் கொடுத்துவிட்டானாம்.
"சீக்கிரம் வந்துவிடு இதைரா," என்றான்,
"உருளைக்கிழங்கு இந்தமுறை
சரியாக விளையவில்லை."