ஒன்றா இரண்டா

புவெர்த்தோ மோன்டில் ஆகஸ்ட்.
மழை நின்றால்தான் இங்கே
ஜன்னல் பக்கம் திரும்புவோம்.
புயலில் துறைமுகம் மூடி
சிலோயே தீவுப் படகு இரண்டு நாள் தாமதம்.
நீலப் பெட்டியில் நாற்பத்தோரு குப்பிகள்.
என் பங்கு பதினேழு.

பதினேழில் ஒன்றுக்கு
'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று எழுதினேன்.
தெரியாது என்பதற்கு
எங்கள் தொழிலில் இத்தனை நீளம்.

பெயர் எனக்கு வராது.
ஓர் எண், வயது நாற்பத்து மூன்று,
ஊர் கெயோன்.
தொழில் என்ற கட்டத்தில்
அந்த ஊர் மருத்துவச்சி எழுதியிருந்தாள்:
சிப்பி ஆலை, இரவு ஷிஃப்ட்.
வேறு யாரும் அந்தக் கட்டத்தை நிரப்பி
நான் பார்த்ததில்லை.

முதலில் வைரஸைத் தேடினோம்.
பதினாறு இல்லை, பதினெட்டு இல்லை,
மற்ற பன்னிரண்டில் ஏதோ இருக்கிறது
என்றது இயந்திரம். எது என்று கேட்டால் சொல்லாது.
வீட்டில் விளக்கு எரிகிறது,
யாரோ வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
வந்தவர்கள் பெரும்பாலும்
சொல்லாமலே கிளம்பிவிடுவார்கள்.
தங்கிவிடுகிறவர்களால்தான் எனக்குச் சம்பளம்.

குப்பியில் மிஞ்சியதை எடுத்து
இரட்டைச் சாயம் போட்டேன்.
பழுப்பு என்றால் பிரேக்கை மிதித்தாயிற்று.
சிவப்பு என்றால் வண்டி ஓடுகிறது.
ஒரே செல்லில் இரண்டும் தெரிந்தால்
மிதித்தும் ஓடுகிறது, கம்பி அறுந்த வண்டி.
அப்படி ஒன்று போதும்,
ஆயிரக்கணக்கில் ஒன்று.

மூன்று மணிக்கு, கண்ணாடியின் ஓரத்தில்,
பழுப்புக்கு நடுவே சிவப்பு.
எரிபெர்த்தோவைக் கூப்பிட்டேன்.
மீசையில் ரொட்டித் துகளோடு வந்து
எதிர்க் குழாயில் கண் வைத்தான்.
"ஒன்று" என்றான்.
குமிழை மயிரிழை திருகினேன்.
பழுப்பு கலங்கியது, சிவப்பு தெளிந்தது.
இன்னும் மயிரிழை. மாறி வந்தது.
"இரண்டு" என்றேன்,
"ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கிறது."
"ஒன்றுதான்."
"இரண்டு."
அவன் காப்பி ஆறப் போய்விட்டான்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி,
வரி வரியாக, இடமிருந்து வலம்.
இன்று இரவு அவளும்
ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று
வாய் திறந்த சிப்பியைப் பொறுக்கி எறிவாள்.
கண் வலிக்கும். அவளுக்கும் வலிக்கும்தானே.

ஐந்தரைக்கு மற்றொன்று.
தனியாகக் கிடந்தது,
பழியைப் போட அக்கம்பக்கத்தில் யாருமில்லை.
குமிழைத் திருகினேன்.
இரண்டு நிறமும் சேர்ந்து கலங்கின.
எதிர்ப்பக்கம் திருகினேன்.
சேர்ந்தே திரும்பி வந்தன.
கண்ணாடிமேல் பேனாவால் ஒரு புள்ளி.
எரிபெர்த்தோ பார்த்தான், தலையாட்டினான்,
"முதலாவதும் ஒன்றுதான்" என்றான்.

டாக்டர் ருமினோத் கையெழுத்திட்டார்.
காஸ்த்ரோ மருத்துவமனை, செப்டம்பர் ஒன்பது, காலை எட்டு நாற்பது.
பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள்,
மிளகளவு சதை கிள்ளி
அதையும் எனக்கே அனுப்புவார்கள்.
இது புற்று என்று நான் சொல்லவில்லை.
சொல்லவும் தெரியாது.

அறிக்கையின் அடியில்
குறிப்பு என்று ஒரு கட்டம்.
அதில் எழுத எங்களுக்கு அனுமதியில்லை.
எழுதினேன்:
பகலில் தூங்குவாள்.
மாலை ஐந்துக்கு மேல் அழைக்கவும்.
எடுக்காவிட்டால் திரும்பவும்.