இடது விசை

முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுவேன்:
அவன் வழுக்கினால் கவனமில்லாதவன்,
நான் வழுக்கினால் தரை ஈரம்.
வகுப்பு சிரிக்கும்.
இருபத்தோராவது வருஷமாக
அதே இடத்தில் சிரிக்கிறார்கள்.
நாகமலைக் காற்று சாக்பீஸ் தூளை
என் சேலையில் கொண்டுவந்து ஒட்டுகிறது.

ஆய்வுக்கூடம் என்பது
மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை.
இரண்டு கணினி, ஒரு யு.பி.எஸ்.,
அதன் தலையில் சிக்கந்தரின் சாப்பாட்டுத் தூக்கு.
திரையில் ஒரு பெயர் வரும், போகும்.
நம்பலாம் என்றால் இடது விசை.
வேண்டாம் என்றால் வலது.
'யோசிக்காமல் அழுத்துங்கள்' என்ற வரியை
யோசித்து யோசித்து நான்தான் எழுதினேன்.
பங்கேற்றவருக்கு கேண்டீனில் டீயும் வடையும்.

பெயர்களைப் பொறுக்கியது
திருமங்கலத்துப் பழைய டெலிபோன் புத்தகத்தில்.
சில பெயர்களுக்கு விரல்
இமை மூடுவதற்குள் போய் வந்துவிடுகிறது.
சிலவற்றிடம்,
தெரியாத வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதுபோல்
நிற்கிறது.
அந்த இடைவெளியை
மில்லிசெகண்டில் அளக்கிறது எந்திரம்.
வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தவர்களுக்கு
எந்திரம் தேவைப்பட்டதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு பேர் அழுத்தினார்கள்.
ஒருவரும் கெட்டவர் இல்லை.
வரைபடம் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

கா. அங்காளீஸ்வரி,
முதுகலை இரண்டாம் ஆண்டு, கதவோர இருக்கை.
வியாழக்கிழமைதோறும்
பத்து நிமிஷம் முன்னால் எழுந்து போய்விடுவாள்.
தலை குனிவதில்லை. சாக்கு சொல்வதில்லை.
அகமதிப்பீட்டுத் தாளில் எழுதினேன்:
ஆர்வம் குறைவு.
பேனா எங்கும் தயங்கவில்லை.

பெத்தானியாபுரம் வீட்டில் அன்று ராத்திரி
தோசைக்கல் காயும்போதுதான் உறைத்தது.
அவள் தரையை நான் தொட்டே பார்க்கவில்லையே.

தொட்டுப் பார்க்கத் தொடங்கினேன்,
அடுப்படியில் நின்றபடியே.
செக்கானூரணிக்கு நாலே முக்காலுக்கு ஒரு பஸ்.
படுத்த படுக்கையாய் அம்மா.
கறக்க ஒரு மாடு.
தம்பியின் ஃபீஸுக்காக
மாலையில் ஜவுளிக்கடை வேலை.
எனக்குக் கண் கலங்கியது.
தோசை கருகியது.

மறுவாரம் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன்,
குரலில் தேவையான அளவு கனிவு சேர்த்து:
"வீட்டில் ஏதும் கஷ்டமாம்மா?"
"இல்லையே மேடம்,
ஏன் கேக்குறீங்க?"

ஏன் கேட்டேன்.
வருகைப் பதிவேட்டில் ஊரைப் பார்த்தேன்.
இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் படித்தேன்.
பிறகு மாட்டை நான்தான் கட்டினேன்.
அவள் அம்மாவை நான்தான்
படுக்கையில் கிடத்தினேன்.
எத்தனை மில்லிசெகண்ட் ஆனதோ.
இடது விசையும் விசைதான்.

வியாழக்கிழமை எங்கே போகிறாள்
என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
ஆய்வுக் கட்டுரை என்றால்
'தரவு கிடைக்கவில்லை' என்று அடிக்குறிப்பு போட்டு
அடுத்த பத்திக்குப் போயிருப்பேன்.
இங்கே, ஆர்வம் குறைவு என்பதை அடித்துவிட்டு
அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டேன்.
தாள் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது.
காலியாக விடக் கூடாதாம்.

போன வாரம் அரசரடி சிக்னல்.
ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நான்,
மடியில் விடைத்தாள் கட்டு, மேலே வெண்டைக்காய்ப் பை,
கருகிய தோசையை நினைத்தோ என்னவோ
முகம் கொஞ்சம் கடுகடுவென்று.
பக்கத்தில் ஸ்கூட்டரில் அவள்.
ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு
என்னைப் பார்த்தாள்.
சிரிக்கவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.

சிவப்பில் இன்னும் ஏழு செகண்ட் இருந்தது.
ஏழாயிரம் மில்லிசெகண்ட்.
என் ஆய்வில் யாருக்கும்
அவ்வளவு நேரம் நான் கொடுத்ததில்லை.