ரசமட்டம்

பொக்சிங் டேக்கு மறுநாள், கிச்சனரில் மைனஸ் பதினாலு.
பழைய ட்ரக்கின் பின்னால் இருபத்திரண்டு அடி வீடு.
சங்கிலி குறுக்காகப் போட்டாயிற்றா,
பின்விளக்கு எரிகிறதா,
காஸ் சிலிண்டர் பூட்டியிருக்கிறதா என்று
மூன்றுதரம் இறங்கிப் பார்த்தார் சபாநேசன்.
நாலாம்தரம் நான் பார்த்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

எல்லையில் அதிகாரி கேட்டார், எங்கே போகிறீர்கள்?
தெற்கே, என்றார் இவர்,
ஏதோ ஊரின் பெயர்போல.
எத்தனை நாளைக்கு?
ஒருவரையொருவர் பார்த்தோம்.
அதை மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
ஆறு எலுமிச்சம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு
போகவிட்டார்.

இருபத்தாறு வருஷம்
பாண் பேக்கரியில் அவருக்கு இரவு,
ஆஸ்பத்திரி லோண்டரியில் எனக்குப் பகல்.
நான் எழும்பிய சூட்டில் அவர் வந்து படுப்பார்.
அவர் எழும்பிய பள்ளத்தில் நான்.
கட்டிலுக்கு ஓய்வே இருந்ததில்லை.
பிள்ளைகள் எப்படிப் பிறந்தார்கள் என்று
லோண்டரியில் எவளாவது கேட்டால்
லீவு நாளில், என்பேன்.
சிரிப்பார்கள்.
உண்மைதான் அது.

டொலிடோ தாண்ட வானம் இறங்கியது.
மழையுமில்லை, பனியுமில்லை,
கண்ணாடியில் யாரோ உப்பெறிகிற சத்தம்.
பார ஊர்தி ஒவ்வொன்றும் கடக்கையில்
பின்னால் வீடு ஒருமுறை
ஒருக்களித்துப் படுத்து எழும்பியது.
அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.
நான் சீட் பெல்ட்டை.

லைமாவில் குளிர்காலத்திலும் திறந்திருந்தது ஒரே ஒரு முகாம்.
நேரே நுழைந்து நேரே வெளியேறும் இடமெல்லாம் நிரம்பிவிட்டது.
மிச்சம் பதினேழாம் இலக்கம்,
பின்னோக்கித்தான் விட வேண்டும்.
யூடியூபில் பார்த்திருந்தோம்.
அதில் வெயில் அடித்தது.

நான் டோர்ச்சுடன் பின்னால்.
வீடு வலப்பக்கம் போக
ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும்.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தெரிந்ததை இரண்டுபேரும் ஒரே நேரத்தில் கத்தியதுதான் பிழை.
"இஞ்சேரும், எந்தப் பக்கமெண்டு சொல்லும்!"
"என்ர பக்கம்!"
"உம்மட பக்கம் எது? கண்ணாடியில ஒண்டும் தெரியேல்லை!"
"தெரியாட்டி நில்லுங்கோவன்!"
பக்கத்து வண்டியில் ஒரு திரை விலகி
மரியாதையாக மூடிக்கொண்டது.

ஆறாம்தரம் விளக்குக் கம்பத்தைத் தொட்டோம்.
ஏழாம்தரம் எதையும் தொடவில்லை.
ஒரு சக்கரம் சரளையில், ஒன்று புல்லில்.
இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்து,
"இனி இது இஞ்சதான்" என்றார்.

மேசையில் ரசமட்டத்தை வைத்தோம்.
குமிழி ஓடிப்போய்
அவர் படுக்கும் பக்கம் ஒட்டிக்கொண்டது.
சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டைகளெல்லாம்
பெட்டியோடு சேர்ந்து உறைந்து கிடந்தன.
யார் இனி வெளியே போவது.

அன்றிரவு முழுக்க அவர் சரிந்து சரிந்து
என்மேல் வந்தார்.
தள்ளினேன். வந்தார்.
"மன்னியும்" என்றார் தூக்கத்தில்,
பஸ்ஸில் பக்கத்து சீட்காரியிடம் சொல்வதுபோல.
மூன்று மணிக்கு விழித்துக்கொண்டார்,
அது மாப்பிசையும் நேரம்.
இருட்டில் என் முழங்கையைத் தொட்டு
"நீர் இவ்வளவு குறட்டை விடுவீரோ?" என்றார்.
முப்பது வருஷத்தில்
யாரும் எனக்குச் சொல்லாத செய்தி.

காலையில் குழாய் உறைந்திருந்தது.
போத்தல் தண்ணீரில் தேத்தண்ணி.
பிறகு கென்டக்கி, டென்னசி,
காது அடைக்கும் இறக்கங்கள்,
புளிப்பில்லாத சம்பல்.

மூன்றாம் இரவு ஜோர்ஜியா, மேக்கன்.
மேசைபோல் மட்டமான நிலம்.
நேரே ஓட்டி நேரே நிறுத்தினார்.
சண்டைக்கு ஒரு காரணமுமில்லை.
கட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.
இங்கே எதுக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
உள்ளே போய்ப் பார்த்தேன்.
குமிழி ஓர் அரிசியளவு
அவர் பக்கம்.

ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டினேன்.
வெளியே இன்னும் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்,
திருத்துகிற ஆள்போல.