வியாழக்கிழமை நோயாளி

மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்,
திறந்தால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்,
காசிமேட்டுக் காற்றில் ஐஸும் டீசலும் மீனும்.
இங்கேதான் ஆறு பேருக்கு
இரண்டு வருடத்தில்
மனதைக் கேட்கக் கற்றுத்தருவதாக
அரசாணை சொல்கிறது.
ஓரம் தேய்ந்த மைக்கறை அட்டைகள் பத்து,
என் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கேஸ் ரெக்கார்டுகள்,
ஒரு நிறுத்துக் கடிகாரம். பேட்டரி என் காசு.

ஜெபக்கனி முதல் வாரம் எழுதியது:
'வயது ஐம்பத்திரண்டு. கருவாடு வியாபாரம்.
முறையீடு: பேஜாரா கீது.
பொருள்: தெரியவில்லை.'
நாசரேத்திலிருந்து வந்தவள், பாவம்.
கேள்வித்தாளில் நான்கு கட்டங்கள்.
ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பல நாட்கள், தினமும்.
அந்த அம்மா நான்கையும் பார்த்துவிட்டு
"நீயே ஒண்ணு போட்டுக்கோ கண்ணு" என்றாளாம்.
இவள் 'பல நாட்கள்' போட்டிருந்தாள்.
யாருடைய பல நாட்கள்?
சிவப்பு மையில் கேட்டேன்.
நல்ல கேள்வி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழன்தோறும் பாத்திர நடிப்பு. நோயாளி நான்.
ஒரு வாரம் தண்ணி லாரி டிரைவர்,
ஒரு வாரம், கதவை ஏழு தடவை இழுத்துப் பார்க்கும்
வியாசர்பாடித் தையல்காரி.
புடவை மாறாது. குரலில் மட்டும்
படிப்புக்காகக் கழற்றி வைத்த கொருக்குப்பேட்டை
திரும்ப ஏறும்.
ரவூஃப் என்னைப் பலமுறை குணப்படுத்தியிருக்கிறான்.
பாதி வாக்கியத்திலேயே ஆறுதல் சொல்லிவிடுவான்.
அதற்காகவே மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இந்த வியாழனுக்கு
தண்டையார்பேட்டையில் ஒருத்தியைத் தயாரித்திருந்தேன்.
கணவனுக்கு எண்ணூரில் நைட் ஷிப்ட். அவளுக்குத் தூக்கமில்லை.
போன் எடுக்காத ஒரு மகனைக்
கடைசி நேரத்தில் சேர்த்தேன்,
உப்பு பார்த்துப் போடுவது போல.

ஜெபக்கனி எதிரே உட்கார்ந்தாள்.
"எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"
மூணு.
"எழுந்து என்ன பண்ணுவீங்க?"
போனை எடுத்துப் பார்ப்பேன். பிறகு
கவுத்து வெச்சிடுவேன், மொகம் தெரியாம.

இது என் தாளில் இல்லை.

அடுத்த கேள்வி அவளுக்குத் தெரியும்.
வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா,
அதிலிருந்து தொடங்கும் வரிசை, நானே தயாரித்தது.
அவள் கேட்கவில்லை.
கீழே ஒரு லாரி பின்னால் வந்தது.
கிளீனர் பக்கவாட்டைத் தட்டித் தட்டி
"வா வா வா வா, நில்லு" என்றான்.
அது நின்ற பிறகும் அவள் பேனாவைத் தொடவில்லை.
ரவூஃப் வாய் திறந்தான்,
சேர்ந்த நாள் முதல் இல்லாத அதிசயமாக
மூடிக்கொண்டான்.

"பேஜாரா கீது" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பொருள் கேட்கவும் இல்லை அவள்.
"ம்" என்றாள்.

சாயங்காலம் மதிப்பீட்டுத் தாள்.
இணக்கம்: பத்துக்கு ஒன்பது.
இடர் மதிப்பீடு: கேட்கப்படவில்லை. சுழியம்.
மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் சுழியம்.
அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்த நாளில்
நிஜமான ஒருத்தி
மாத்திரைச் சீட்டோடு எழுந்து போய்
ஐம்பத்தாறு சி பிடித்து வீட்டுக்குப் போய்விடுவாள்.
போயிருக்கிறாள் ஒருத்தி, என் இருபத்து நான்காம் வயதில்.
மௌனத்துக்குத் தாளில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதி
அழித்தேன்.

திங்கட்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரம்,
ஜெபக்கனி கதவருகே நின்றாள், கையில் அந்தத் தாள்.
"மேடம், விட்டுப்போன கேள்வியை
இப்பக் கேக்கலாமா?"

மார்க்குக்கா என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.