உள் வேலை

காவேரிப்பட்டணம் தாண்டி
பெங்களூர் போகும் பக்கம்
சமியுல்லா வாட்டர் சர்வீஸ்.
பம்பு பிடித்து வெளியே அடிப்பது ஆண்கள்.
உள் வேலை எனக்கு.
சீட்டுக்கடியில் கைவிட்டால்
யார் எதைத் தின்றார்கள், எங்கே வாந்தி எடுத்தார்கள்,
எல்லாம் தெரியும்.

தை அமாவாசைக்கு மறுநாள்
பனி விலகாத நேரத்தில் ஒரு டவேரா.
எட்டுப் பேரை ராமேஸ்வரம் கூட்டிப்போய்
விடிய விடிய ஓட்டி வந்திருக்கிறான் மாதேசன்.
தீர்த்தமெல்லாம் ஆடி, துணி மாற்றி,
திதி கொடுத்து முடித்தபின்
தனுஷ்கோடியில் அலையோடு விளையாடி நனைந்தவர்கள்.
புண்ணியத்தில் வந்த ஈரமல்ல.
கறுப்பு கார்ப்பெட் முழுக்க
வற்றின ஏரியின் கரைபோல்
வெள்ளை வெள்ளையாய் உப்பு.

"ஓனர் பார்க்கறதுக்குள்ள போவணும்க்கா.
போன மாசம் ஐஸ்கிரீம் கறைக்கே
நானூறு பிடிச்சிட்டான்."

ஷாம்பு போட்டேன், பிரஷ் போட்டேன்,
முட்டி தேயத் தேய்த்தேன்.
பதினோரு மணி வெயிலில் காய்ந்ததும்
போன வெள்ளை
கூட்டாளிகளோடு திரும்பி வந்தது.
மாதேசன் தலையில் கைவைத்தான்.
சமியுல்லா குனிந்து பார்த்துச் சொன்னார்:
"கடல் உப்பு போயாச்சு.
இது நம்ம உப்பு."

ஆயிரத்து நூறடி போர்.
பக்கெட் விளிம்பில், குழாய் மூக்கில்,
துடைக்க மறந்த கண்ணாடியில்
அது எழுதாத இடமில்லை.
என் பல்லில் உள்ள பழுப்பும்
இதே மாதிரி ஒரு போர் கொடுத்ததுதான்.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
வாயே திறக்காமல் இருந்தேன்.
ஒரு கூட்டம் ஊமை என்றே நினைத்துப் போய்விட்டது.

ஒகேனக்கல் தண்ணீர்
மூன்று நாளைக்கு ஒருமுறை வரும்.
டீக்கு வைத்த குடத்தைக் கேட்டேன்.
முனகிக்கொண்டே கொடுத்தார்.
எதிர்த் தள்ளுவண்டியில்
ஃப்ரைடு ரைஸ் போடும் குப்புராஜிடம்
பத்து ரூபாய்க்கு வினிகர்.
சுடுதண்ணீர் பாதி, அது பாதி.

இனித் தேய்க்கக் கூடாது.
தேய்த்தால் உப்பு நூலுக்குள் வேர்விடும்.
பழைய வேட்டியை நாலாய் மடித்து
நனைத்து, பிழிந்து, வைத்து
உள்ளங்கையால் அழுத்தி
இருபது எண்ணி
எடுக்க வேண்டும்.
காய்ச்சல்கார நெற்றிக்கு ஈரத்துணி வைப்பதுபோல.
துணி கனக்கும். கார்ப்பெட் கறுக்கும்.
மறுபடி வேறு மடிப்பு.

முன்சீட்டு, நடுசீட்டு முடித்து
கடைசி வரிசை, இடது ஓரம் வந்தேன்.
அங்கே நான் காலையில் பிரஷ் போடவில்லை,
கை எட்டவில்லை.
மற்ற இடமெல்லாம் கண்டபடி கறை.
இங்கே மட்டும்
இரண்டு பாதம்.
குதிகால், விரல், எல்லாம் சுத்தமாக,
பக்கத்தில் பக்கத்தில்.
அசையாமல் அத்தனை தூரம்
ஒரே இடத்தில் வைத்த கால்.

"இங்க யாரு ஒக்காந்தது?"

"அந்தப் பெரியவரோட ரெண்டாவது மருமவ.
ஆனா அது கடல்லயே எறங்கலக்கா.
தலவலின்னு வண்டிலயே ஒக்காந்துடுச்சு.
நான்கூட டீ வேணுமான்னு கேட்டுட்டுத்தான் போனேன்."

சரி என்றேன்.

எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.
கடலைப் பார்ப்பவர் முதுகுக்குப் பின்னால்
எவ்வளவு இடம்!
கதவைச் சத்தமில்லாமல் திறந்து
கொசுவத்தைத் தூக்கிச் செருகி
கணுக்கால் அளவுக்கு,
ஒரு நிமிடமா, இரண்டா,
போய்விட்டு வந்து
தலைவலியை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள்.
சேலம் வரைக்கும் கால் ஈரமாக இருந்திருக்கும்.

வலது காலை முதலில் ஒற்றினேன்.
இடது பெருவிரல் லேசில் வரவில்லை,
மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

முன்னூற்றைம்பதுக்கு முந்நூறு கொடுத்து
மீதி அடுத்த தடவை என்று
மாதேசன் கிளம்பினான்.
வண்டி மேம்பாலம் ஏறி மறைந்ததும்
எனக்குச் சிரிப்பு வந்தது.
வழக்கமாக முந்தானை வாய்க்குப் போகும்.
கையில் ஈர வேட்டி இருந்ததால்
போகவில்லை.

"என்னம்மா?" என்றார் சமியுல்லா.

"ஒண்ணுமில்ல பாய்.
வினிகர் மூக்குல ஏறிடுச்சு."