எர்த்து

பல்பை மாத்திடுங்க என்றேன்.
பல்பு மேல பழி போடாதீங்க என்றார் சீனி உசேன்,
கழற்றியதைக் காதருகே ஆட்டிப் பார்த்து.
உள்ளே இழை அறுந்து உருளும் சத்தம் இல்லை.

உச்சிப்புளி தாண்டி ரோட்டோரம்
அவர் பட்டறைக்குச் சுவர் மூன்றுதான்.
நான்காவது பக்கத்தை என் லாரி அடைத்து நின்றது.
தொண்ணூற்றெட்டு மாடல்.
முப்பத்தாறு பெட்டி நண்டு, இடையிடையே ஐஸ்.
கித்தேரியம்மா மூன்று தரம் போன் பண்ணிவிட்டாள்:
நண்டு உன் வசதிக்கெல்லாம் காத்திருக்காது.

பிரேக்கை மிதிங்க.
மிதித்தேன்.
எரியுது, கொஞ்சம் மங்கலா.
அதான் எரியுதே, அப்பவே சொன்னேன்ல என்றேன்
கண்ணாடியில் அவர் தொப்பியைப் பார்த்து.
இடது இண்டிகேட்டர் போடச் சொன்னார்.
இடதைக் கேட்டால் வலதும் சேர்ந்து முனகியது.
ம் என்றார்.

அப்புறம்
ஹெட்லைட்டைப் போடுங்க. போட்டேன்.
இப்ப மிதிங்க.
மிதித்தேன்.
பின்னாலிருந்து குரல் வரவில்லை.
பெட்டிகளுக்கடியில் ஐஸ் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.
எடுங்க... மிதிங்க... எடுங்க...
நீங்க காலை எடுத்தா எரியுது,
மிதிச்சா அணையுது.

டெஸ்ட் லேம்ப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு
சாக்கை விரித்து அடியில் போனார்.
சேஸிஸுக்குக் கீழிருந்து வந்தது விளக்கம்:
போறதுக்கு வயர் இருக்கு அண்ணே,
திரும்பி வர்றதுக்குத்தான் வழி இல்ல.
பகல்ல பக்கத்து இழையில புகுந்து
முன்னாடி லைட் வழியா எப்படியோ இறங்கிடுது.
ராத்திரி அந்தச் சந்துலயும் ஆள் வந்துடுது.
ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னா
யார் நகர்றது?

எர்த்து போல்ட்டு.
எட்டு வருஷத்து உப்புத்தண்ணீர்
நேராக அதன் தலையில்தான் வடிந்திருக்கிறது.
கறுப்பு வயர் பச்சையாகியிருந்தது.
தொட்டதும்
இத்தனை நாள் பிடித்திருந்ததே பெரிது என்பதுபோல்
அவர் விரலோடு வந்துவிட்டது.

ஆவணி மாதம், ராத்திரி ஒன்றரை, நாகாச்சி வளைவு.
ஓர் ஆடு.
மிதித்தேன். ஆடு பிழைத்தது.
பின்னால் ஒரு பைக்.

மறுநாள் பதினொரு மணி வெயிலில்
ஸ்டேஷன் வாசலில் லாரியை நிறுத்தி
எஸ்.ஐ. பின்னால் நின்று பார்க்க
மிதித்தேன். எரிந்தது.
இன்னொரு முறை மிதித்தேன்.
எழுதிக்கொண்டார்.
குடிச்சிருப்பான் சார் என்று
கேட்காமலே நான் சொன்னதையும்.
தர்மமுனீஸ். வலது கால், மூன்று இடத்தில்.
மதுரைக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள்.
நான் அன்று பொய் சொல்லவில்லை.
குடித்திருப்பான் என்ற அதைத் தவிர.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.
இரும்பு வெள்ளையாய்ச் சிரிக்கும்வரை.
புது லக், புது போல்ட்டு, மேலே கிரீஸ் அப்பி
இனி கடலே ஏறினாலும் ஒண்ணும் ஆகாது என்றார்.
இருநூற்றைம்பது ரூபாய்.
இருட்டியிருந்தது.
ஹெட்லைட் எரிய மிதித்தேன்.
எதிரே உடைமரமெல்லாம்
முள்முள்ளாகச் சிவந்தது.
அவ்வளவு சிவப்பு என் வண்டியில் இருந்ததென்று
எனக்குத் தெரியாது.

பழசை வீசிடவா என்றார்.
கொடுங்க.
இரும்புக்கா ஆசை என்று சிரித்தார்.

கித்தேரியம்மா நாலாவது முறை கூப்பிட்டபோது
நாகாச்சி வளைவில் இருந்தேன்.
குறுக்கே எதுவும் வரவில்லை.
ஆனாலும் மிதித்தேன்.
சட்டைப்பையில் லைசென்சோடு கிடக்கிறது.
துணியில் ஒரு காசு அளவுக்குத்
துரு இறங்கியிருக்கிறது.
இன்னும் யாரும் கேட்கவில்லை.