ஆப்சென்ட்

வாலிநோக்கம் உப்பளத்தில்
இருபது வருசமாய் ஆள்கணக்கு எழுதுகிறேன்.
ஒருத்தி வராவிட்டால்
பக்கத்துப் பாத்திக்காரிகள் சற்று அகன்று நின்று
அவள் பங்கையும் வாரிவிடுவார்கள்.
அன்றைக்கு உப்பு குறையாது.
நானும் ஏனென்று கேட்டதில்லை.

ராமநாதபுரத்தில் என் இடது காலை ஸ்கேன் எடுத்த பெண்
ரசீதின் பின்னால் வரைந்தாள்:
குழாயின் உள்தோல் ஒரே ஒரு அடுக்கு செல்தானாம்.
ஒன்று செத்தால் அண்டையது நீண்டு மூடும்.
வலிக்காது.
பீடியும் சர்க்கரையுமாய்
தினம் சிலதைக் கழிக்க,
மூட ஆளில்லாத இடத்தில்
ரத்தமே ஓடிவந்து ஒட்டிக் கட்டுகிறது,
உதவி என்று நினைத்து.

பெருவிரல் கறுத்திருக்கிறது.
நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறேன்.
முத்திருளாயி, ஆப்சென்ட்.
முத்திருளாயி, ஆப்சென்ட்.
அப்புறம் அந்தப் பெயரே இல்லை.